வெள்ளியில் விழுந்த கறுப்புக் கோடு

துப்பறியும் தொழிலில் தடயத்தைத் தொலைத்தவர்கள் உண்டு, மிதித்தவர்களும் உண்டு. தடயத்தைப் பாத்திரத்தூள் போட்டுத் தேய்த்து, கழுவி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி, மேஜைமேல் வரிசையாக அடுக்கிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

வியாழக்கிழமை காலை ஹெஸ்டர் குவிம்பி அலுவலகத்துக்குள் வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டப்போன கை பாதியில் நின்றது.

"ஆர்மண்ட், இது என்ன?"

"மிஸ்டர் தேயர் நேத்து வெச்சிட்டுப் போன வெள்ளி முள்கரண்டிங்க, மேடம். கழுத்துல எல்லாம் கறுப்புக் கோடு விழுந்து கெடந்துச்சு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"அந்தக் கறுப்புதான் கேஸே."

ஹெஸ்டர் திட்டுகிற ரகமில்லை. கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துணியின் முனையால் நிதானமாகத் துடைப்பார். பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் துப்பறிந்தவர். சொந்தக் கடைக்குத் தாங்களே தீ வைத்தவர்கள் அந்தத் துடைப்பைத் தாங்க முடியாமல் உண்மையைக் கக்கியிருக்கிறார்கள். அன்று அவர் துடைத்து முடிப்பதற்குள் என் ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதி, பிழை திருத்தியும் முடித்துவிட்டேன்.

லெலண்ட் தேயர் பிராவிடன்ஸ் நகரில் குன்றுமேல் வீடு வைத்திருப்பவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது வருஷத்தில் நம் அமெரிக்கப் பட்டறைகள் செய்த வெள்ளிச் சாமான்தான் அவர் உயிர். பூவேலை, கொடிவேலை எதுவும் இல்லாமல், வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த காபி ஜாடிகள், மிதக்கிற இலை மாதிரி தட்டுகள். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருஷத்துக்கொரு விருந்து நடக்கும். அன்றைக்கு ஒவ்வொருவரும் தங்கள் வெள்ளியை வைத்து ஒரு மேஜையை அலங்கரிப்பார்கள், நடுவர்கள் பரிசு கொடுப்பார்கள். தேயர் ஜெயித்து ஜெயித்து, மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

போன வருஷ விருந்து முடிந்து கட்டிவைத்த துணி உறைகளை இந்த வாரம்தான் அவிழ்த்திருக்கிறார். ஒரு செட் முள்கரண்டியில் மட்டும், ஒவ்வொன்றின் கழுத்திலும் ரப்பர் வளையம். உள்ளே கறுப்புக் கோடு. வெள்ளிக்காரர்கள் வீட்டில் பாம்பைக்கூட விடுவார்கள், ரப்பரை விடமாட்டார்கள். ரப்பரில் இருக்கிற கந்தகம் துணி வழியாகவே போய் வெள்ளியைத் தின்னும்.

"யாருன்னு மட்டும் சொல்லுங்க," என்று முந்தின நாள் தேயர் எங்கள் மேஜையைக் குத்திப் பேசியிருந்தார். "சனிக்கிழமை விருந்துல எல்லார் முன்னாலயும் எழுப்பி நிறுத்துவேன். சங்கத்தை விட்டுத் துரத்துவேன். கோர்ட்டுக்கு இழுத்து, குடியிருக்கிற வீட்டையும் புடுங்கிட்டுத்தான் விடுவேன்."

"அந்த ரப்பர் எங்க?" என்று அப்போது ஹெஸ்டர் கேட்டார்.

"ஆத்திரத்துல பிச்சு கணப்புல எறிஞ்சேன். பிசுபிசுன்னு கெடந்துச்சு. அதையா உத்துப் பாத்துக்கிட்டிருப்பேன்?"

ஆக, ரப்பரைத் தேயர் எரித்தாகிவிட்டது, கோட்டை நான் தேய்த்தாகிவிட்டது. தடயம் என்ற பெயரில் மிச்சம் இருந்தது என் மூளை. அதை நம்பி யாரும் இதுவரை எதையும் செய்ததில்லை.

"கோடு எவ்வளவு அகலம்?" ஹெஸ்டர் கேட்டார்.

"என் கட்டைவிரல் நகம் அகலம், மேடம். ஒவ்வொண்ணுலயும் நகத்தை வெச்சுத்தான் சுரண்டினேன். சரியா மூடிச்சு." கறுத்துப்போன நகத்தைக் காட்டினேன். வேலை போனாலும் உழைத்தேன் என்று தெரியட்டும்.

அவர் நகத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஆபீஸ் ரப்பர் ஒன்றை எடுத்து முள்கரண்டியில் சுற்றினார். நாலைந்து சுற்று சுற்ற வேண்டியிருந்தது.

"இந்த மாதிரி நீளமானதுன்னா கோடு கோடா விழும். ஒரே ஒரு பட்டைக் கோடு விழுந்திருக்கு. அப்ப சின்ன வளையம், நல்ல அகலம், முரட்டு ரப்பர். நம்ம ஊர்ல அப்படி ஒண்ணை எதுக்குச் செய்யறாங்க?"

"எதுக்கு, மேடம்?"

"நேத்து மத்தியானம் நீ என்ன சாப்பிட்ட?"

கேள்வி கேட்டால் கேள்விதான் வரும். பழகிவிட்டது. "ரொட்டிக்குள்ள வெச்ச லாப்ஸ்டர்" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசித்தேன். லாப்ஸ்டர் என்கிற அந்தப் பெரிய கடல் இறால் கவ்வாமல் இருக்க அதன் கொடுக்கில் ஒரு ரப்பர் வளையம் போடுவார்கள். சின்னது, பட்டையானது, என் நகத்தின் அகலம்.

ஹெஸ்டர் தேயருக்குப் போன் செய்தார். தேயரின் குரல் எனக்கே கேட்டது. "லாப்ஸ்டரா? என் மனைவிக்கு அதைப் பாத்தாலே மூஞ்சி வீங்கும். என் வாசப்படி தாண்டினதில்ல. ஸ்ப்ரேக்தான், வேற எவனும் இல்ல. அவன் மச்சான் லாப்ஸ்டர் வியாபாரி. கெடைச்சான் பாருங்க."

டுவேன் ஸ்ப்ரேக்குக்கு வாரன் ஊரில் பழம்பொருள் கடை. வருஷா வருஷம் இரண்டாம் பரிசு வாங்குகிறவர். நாங்கள் போனபோது தேநீர்ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி உறிஞ்சுகுழல் போட்டு, காபி மில்க் என்கிற எங்கள் ஊர் இனிப்புப் பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"தேயர் அனுப்பினானா? உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம் தம்பி, அது விக்கிறதுக்கு."

"உங்களுக்கு அவர் மேல கோபமா?" என்றேன்.

"உனக்கு மழை மேல கோபமா?"

இவரும் அப்படித்தான்.

ஹெஸ்டர் நேராக விஷயத்துக்கு வந்தார். ரப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் ஸ்ப்ரேக் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"ரப்பரா? வெள்ளியிலயா?" கிளாஸைக் கீழே வைத்தார். "பாருங்க அம்மா, அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. அவன் சவ ஊர்வலத்துக்கு நல்ல சட்டையா எடுத்து வெச்சிருக்கேன். ஆனா முள்கரண்டி எனக்கு என்ன பாவம் பண்ணிச்சு? கறுப்பாக்கணும்னா அவன் மூஞ்சிய கறுப்பாக்குவேன்."

"உங்க மச்சான் லாப்ஸ்டர் விக்கிறார்."

"ஆமா. போன வருஷ விருந்துக்கே அவர்தான் கொடுத்தார். கழுத்துல துணியைக் கட்டிக்கிட்டு, முழங்கை வரைக்கும் வெண்ணெய் வழிய எல்லாரும் சாப்பிட்டோம். இந்த வருஷம் கோழி. பில்லைப் பாத்துட்டுப் பொருளாளர் அழுதுட்டாரு."

ஹெஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.  துடைப்பு இந்தத் தடவை எனக்காக இல்லை.

"மிஸ்டர் ஸ்ப்ரேக், விருந்து முடிஞ்சதும் அந்த வெள்ளியெல்லாம் யார் கழுவுவாங்க?"

ஸ்ப்ரேக் தலையைச் சொறிந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் கேள்வி அவர் மண்டைக்குள் நுழைவது வெளியிலிருந்தே தெரிந்தது.

"யாராவது கழுவுவாங்க. ஹாலை வாடகைக்கு எடுத்தா சமையல்கட்டுப் பொம்பளைங்களும் சேர்ந்து வருவாங்க. கழுவி, துடைச்சு, உறையில சுத்தி, அவங்கவங்க பெட்டியில வெச்சுக் கொடுத்துடுவாங்க."

"அவங்க பேரு?"

"பேரா?" என்றார்.

"வருஷம் முழுக்கப் பூட்டிப் பூட்டி வெக்கிறீங்க," என்றேன் நான். "காத்து படாம, கை ரேகை படாம. கடைசியில அத்தனையும் யார் கைக்குப் போகுதுன்னு எட்டிக்கூடப் பாக்கிறதில்ல."

"சமையல்கட்டுக்குள்ள யாரு தம்பி போவாங்க?" என்றார் ஸ்ப்ரேக், நிஜமாகவே புரியாமல்.

காரில் ஹெஸ்டர் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். குற்றம் தேயரின் வீட்டில் நடக்கவே இல்லை. போன வருஷமே, எல்லோரும் வெண்ணெய்க் கையோடு கைதட்டிக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்து முடிந்துவிட்டது. லாப்ஸ்டர் வேகப் போகும்போது கழற்றிய ரப்பர் வளையங்கள் அங்கே குவியலாகக் கிடந்திருக்கும்.

"ஆனா ஒண்ணு உதைக்குது," என்றார். "அதே பெட்டியில தேயரோட காபி ஜாடி இருந்துச்சு. தண்ணி ஜாடி இருந்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு காரோட விலை. அதையெல்லாம் விட்டுட்டு முள்கரண்டி மேல மட்டும் என்ன வன்மம்?"

"ஜாடிக்கு ரப்பர் பத்தாது, மேடம்."

ஹெஸ்டர் பையிலிருந்து முள்கரண்டி ஒன்றை எடுத்து, காம்பில் ஏறும் கோதுமைக் கதிர் வேலைப்பாட்டை வெயிலில் பார்த்தார். பிறகு அதைத் திருப்பினார். காம்பின் பின்புறத்தில், நான் பாத்திரத்தூளோடு வீரம் காட்டிய இடத்தில், ஊதாவும் சாம்பலுமாக ஒரு மேகம்.

"ஐயோ, கெடுத்துட்டேனா?"

"மேல பூசியிருந்த வெள்ளியையே உரிச்சிருக்க." குரலில் திட்டு இல்லை. "முழு வெள்ளிக்கு மேல எதுக்கு வெள்ளிப் பூச்சு? எதையோ சுரண்டி எடுத்திருக்காங்க. சுரண்டினா, செய்யறப்போ சூடு காட்டின தழும்பு அடியிலேருந்து வெளிய வந்துடும், அது தெரியக்கூடாதுன்னு மேல பூசியிருக்காங்க."

முள்கரண்டியை வாயருகே கொண்டுபோய், குளிர்கால ஜன்னலில் ஊதுவது மாதிரி மெதுவாக ஊதினார். வெள்ளி மங்கியது. மங்கலுக்குள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு இரண்டு எழுத்துகள் எழுந்து வந்தன. ஓ, எல். மூச்சு காய்ந்ததும் போய்விட்டன. செதுக்கிய எழுத்தை எவ்வளவு வழித்தாலும் அடியில் அமுங்கிய வெள்ளி மறக்காது போலிருக்கிறது. நான் வாங்கி ஊதினேன். மறுபடி வந்தன.

"கல்யாணப் பொண்ணுக்கு வர்ற வெள்ளி," என்றார் ஹெஸ்டர். "சொந்தக்காரங்களும் சிநேகிதங்களும் ஆளுக்கொண்ணா கொடுத்துச் சேர்க்கிறது. அதுல அவ பொறந்த வீட்டு எழுத்தைத்தான் வெட்டுவாங்க. நாளைக்கு என்ன ஆனாலும் அது அவளோடது. தேயரோட முதல் மனைவி பேரு உனக்குத் தெரியுமா?"

அது எனக்குத் தெரியும். எங்கள் வூன்சாக்கெட் ஊர்ப் பிரெஞ்சுக்காரக் குடும்பங்களில் தெரியாதவர் இல்லை.

"ஓடில் லாவோய். எங்க சர்ச்சுக்கு வர்றவங்க. அவங்க தம்பி லூசியன், படகுல லாப்ஸ்டர் பிடிக்கப் போய்க்கிட்டிருந்தவன். வீட்டுல இருந்த வெள்ளியைக் காணோம், லூசியன்தான் திருடிட்டான்னு தேயர் ஊரெல்லாம் சொன்னார். சாட்சி ஒண்ணும் இல்ல, கேஸ் நிக்கல. ஆனா அதுக்கப்புறம் ஒரு படகுக்காரனும் அவனை ஏத்திக்கல. வடக்கே மெயின் மாநிலத்துப் பக்கம் வேலை தேடிப் போனான். சவப்பெட்டியிலதான் திரும்பி வந்தான். விவாகரத்துல வெள்ளியைப் பத்திப் பேச்சே வரல. திருட்டுப் போனதைப் பங்கு கேக்க முடியாதுல்ல."

ஹெஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அந்த அம்மா இப்ப என்ன பண்றாங்க?"

"சின்னதா ஒரு வீடு இருக்கு. ஹால்ல சமையல் வேலைக்குப் போறாங்கன்னு..." வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. தேயர் சொன்னது காதில் ஒலித்தது. குடியிருக்கிற வீட்டையும் புடுங்கிட்டுத்தான் விடுவேன். "மேடம், சனிக்கிழமை யார் பேரைச் சொல்லப் போறீங்க?"

"வெள்ளியைக் கெடுத்தது யாருன்னு அவர் கேட்டிருக்கார். வாங்கின கூலிக்கு அதைச் சொல்லித்தானே ஆகணும்?" என்று காரைக் கிளப்பினார்.

அந்த இரண்டு நாளும் அவர் முகத்தில் எனக்குப் பிடிக்காத ஓர் அமைதி இருந்தது. கேட்டுப் பார்த்தேன். மழை வருமா என்று கேட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஹால் முழுக்க வெள்ளை மேஜைவிரிப்பும் வெள்ளி வெளிச்சமும். தேயர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கோடே தெரியல. எந்தக் கடையில கொடுத்தீங்க?"

"வீட்டு வைத்தியம்," என்றேன். முள்கரண்டிகளைப் பல் மேலே பார்க்க வைத்திருந்தார். ஊதா மேகமெல்லாம் விரிப்பைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது.

கோழி முடிந்து காபி வந்ததும் தேயர் எழுந்து கத்தியால் கிளாஸைத் தட்டினார். ஸ்ப்ரேக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். தன் செல்வத்தைக் குரூரமாகச் சிதைத்தவர் இதே ஹாலில் இருப்பதாகச் சொன்னார். மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். "மிஸ் குவிம்பி பேரைச் சொல்வாங்க."

ஹாலின் பின்சுவரில் சமையல்கட்டுக்கு ஒரு சின்ன ஜன்னல். தட்டுகள் போய்வருகிற வழி. பாதி திறந்திருந்தது. உள்ளே குழாய் ஓடுகிற சத்தம்.

ஹெஸ்டர் தேயரின் மேஜையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஸ்ப்ரேக்கிடம் போனார். தேயர் முகம் மலர்ந்தது.

"மிஸ்டர் ஸ்ப்ரேக், பின்னாடி திருப்பி ஊதுங்க."

ஸ்ப்ரேக் ஊதினார். மூக்கில் தொடுகிற மாதிரி வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்து அம்மாளிடம் கொடுத்தார். அவர் ஊதினார். அடுத்தவர் ஊதினார். மற்ற முள்கரண்டிகளும் கைமாறத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்க, பெரிய மனுஷர்கள் எல்லாம் ஜலதோஷம் பிடித்தவர்கள் மாதிரி முள்கரண்டிகளில் ஊதிக்கொண்டிருந்தார்கள். மங்கலுக்குள் என்ன எழுந்தால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மிஸ் குவிம்பி, இது என்ன விளையாட்டு?" என்றார் தேயர்.

சங்கத் தலைவி மிஸஸ் பெக்கம் எண்பதைத் தாண்டியவர். ஊதுவதற்கு மூச்சைச் சேர்த்து வைத்திருந்தார். பார்த்து முடித்துத் தலையைத் தூக்கினார்.

"லெலண்ட், இது ஓடிலோட கல்யாண வெள்ளி. இதுல ஒண்ணு நான் கொடுத்தது. திருட்டுப் போச்சுன்னு என் வீட்டுல வந்து அழுத. காபி கொடுத்து, கேக் கொடுத்து, உன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்."

"அது... பிற்பாடு ஒரு ஏலத்துல..."

"ஏலத்துல வாங்கினதா இருந்தா எழுத்தை வழிச்சு மேல பூச்சு எதுக்கு?" என்றார் ஹெஸ்டர். "வெள்ளியைக் கெடுத்தது யாருன்னு கேட்டீங்க, மிஸ்டர் தேயர். கறுப்பு தேய்ச்சா போயிடும். என் உதவியாளர் நிரூபிச்சுட்டார். வழிச்ச எழுத்து பழையபடி திரும்பி வராது. கெடுத்தவர் நீங்கதான். எங்க கூலி வேண்டாம்."

தேயர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். வழியில் ஸ்ப்ரேக்கின் நாற்காலி இருந்தது. ஸ்ப்ரேக் அதை நகர்த்தவில்லை. பக்கத்து நாற்காலியும் நகரவில்லை.

"லூசியன் எடுத்தானா?" என்றார் ஸ்ப்ரேக்.

"வழி விடு."

"எடுத்தானான்னு கேட்டேன்."

"இல்ல."

"பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கல."

தேயர் சுற்றிலும் பார்த்தார். வருஷக்கணக்காகக் கைதட்டிய முகங்கள். ஒன்றுகூடத் திரும்பிக்கொள்ளவில்லை. எல்லாம் அவரையே பார்த்தன.

"அவன் எடுக்கல," என்றார் உரக்க.

சமையல்கட்டு ஜன்னலுக்குள் குழாய் நின்றது. ஸ்ப்ரேக் நாற்காலியை நகர்த்தினார்.

நான் ஹாலில் நிற்காமல் பின்பக்கமாகப் போனேன். சமையல்கட்டுக்குள் கால் வைத்த முதல் கோட் போட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆவியும் கோழி எலும்பும் சோப்பு வாசனையுமாக இருந்தது. தொட்டி முன்னால் நரைமுடியை வலைக்குள் அடக்கிய ஓர் அம்மாள், ஈரக்கையோடு சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"நீ கோடெட் வீட்டுப் பையன்தானே?" என்றார், ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, திரும்பாமல். "அப்போல்லாம் உங்க அம்மாவும் சர்ச்சுல லூசியன் பக்கத்துல உக்காரமாட்டா."

எனக்கு நகைச்சுவை ஏதாவது வரும் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. துண்டை எடுத்துத் தட்டு துடைக்க ஆரம்பித்தேன்.

"அந்த ரப்பர், நீங்கதானா அம்மா?"

"நான்தான்."

தட்டு கைநழுவி விழப் பார்த்தது. வியாழக்கிழமையிலிருந்து கேள்விக்குக் கேள்வியே வாங்கியவனுக்கு நேரான பதில் பழக்கமில்லை.

"எப்படித் தெரிஞ்சுது, உங்களோடதுன்னு?"

"ஒண்ணுல ஒரு பல் குட்டை. கல்யாணமான புதுசுல தொட்டிக்கு அடியில எச்சில் அரைக்கிற மெஷினுக்குள்ள விழுந்து பிஞ்சுது. லூசியன் அரம் வெச்சுத் தேய்ச்சுக் கொடுத்தான். போன வருஷம் கழுவும்போது விரல்ல தட்டுப்பட்டுச்சு. கண்ணால பாக்க வேண்டியிருக்கல." கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். "ரப்பர் எல்லாம் இங்கதான் குவிஞ்சு கெடந்துச்சு. ஒவ்வொண்ணாப் போட்டேன். இந்த வருஷம் பூரா ராத்திரி படுக்கும்போது நினைச்சுக்குவேன். இப்ப கறுப்பு உள்ள எறங்கிக்கிட்டிருக்கும், இப்ப இன்னும் கொஞ்சம் எறங்கியிருக்கும்னு. நல்லாத் தூங்கினேன்."

"உங்க கையிலயே இருந்துச்சே. உங்களோடதுதானே? அப்படியே பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கலாமே?"

ஓடில் லாவோய் முதன்முறையாகத் திரும்பி என்னை முழுசாகப் பார்த்தார்.

"போட்டுக்கிட்டுப் போயிருந்தா, லாவோய் வீட்டுக்காரங்க வெள்ளி திருடறவங்கன்னு அவன் சொன்னது அன்னைக்குத்தான் நிஜமாயிருக்கும்."